சட்டம் திறந்த நாளும் சந்தை திறந்த நாளும்

1923இல் கனடா கஞ்சாவைத் தடைசெய்தது. 95 ஆண்டுகள் கழித்து, 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி, அதே நாடு அத்தடையை நீக்கியது. உருகுவேக்கு அடுத்தபடியாக நாடு முழுவதற்கும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய இரண்டாவது நாடு கனடாவாகும். அந்த வரலாற்றின் கிளைக்கதை ஒன்றை மட்டும் இங்கு நோக்குவோம். அது, கஞ்சா கலந்த பானத்தை ரின் பேணியில் அடைத்து விற்க முனைந்தவர்களின் கதை. முந்திக்கொண்டவனுக்கே சந்தை என்ற வணிக நம்பிக்கையை அது வெகுவாகச் சோதித்தது.

சட்டத்துக்கு முன்னரே பெரும் பணம் வந்துவிட்டது. அமெரிக்காவில் கொரோனா பியரை விற்கும் கொன்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ், 2017 ஒக்டோபரில் கனபி குரோத் என்ற கனடிய கஞ்சா நிறுவனத்தின் பத்திலொரு பங்கை 24.5 கோடி கனடிய டொலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் மேலும் 500 கோடி இடுவதாக அறிவித்தது. அதே மாதத்தில் மோல்சன் கூர்ஸ் பியர் நிறுவனத்தின் கனடியக் கிளை, ஹெக்ஸோவுடன் கைகோத்தது. அந்தக் கூட்டு நிறுவனமே ட்ரஸ். பியரை விடும் கைகள் இந்தப் பேணியை எடுக்கும் என்பது இவர்களது கணக்கு.

ஆனால், 2018இன் சட்டம் பானத்துக்குக் கதவைத் திறக்கவில்லை. பானங்களுக்கும் உண்பண்டங்களுக்கும் அனுமதி கிடைத்தது 2019 ஒக்டோபர் 17இல்தான். அதன் பின்னரும் 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டியிருந்ததால், பொருள் கடைக்கு வரக்கூடிய நாள் டிசெம்பர் நடுப்பகுதிக்குப் போயிற்று. ஒரு பேணியில் போதைப்பொருளின் அளவு 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது, மதுவுடன் கலக்கலாகாது. கடைகளும் போதவில்லை. சனத்தொகை மிகுந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 2019 ஏப்ரல் வரை அரசின் இணையக் கடை மட்டுமே இருந்தது. குலுக்கல் முறையில் முதலில் 25 பேருக்குக் கடை திறக்கும் வாய்ப்பளித்தார்கள்.

பேணிக்குள்ளும் சிக்கல் இருந்தது. கஞ்சாவின் போதைக்கூறு எண்ணெய்போலத் தண்ணீரில் கரையாது; மிக நுண்ணிய துளிகளாக உடைத்துக் கலக்கவேண்டும். கலந்த பின்னும் பேணியின் உட்பூச்சில் அது ஒட்டிக்கொண்டு பானத்தின் வீரியம் குறையும். ஸ்மித்ஸ் போல்ஸ் நகரில் ஹேர்ஷி சொக்லட் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்திலிருந்து இயங்கிய கனபி, தன் பானம் தாமதமாகும் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. பானம் வெளிவந்தது மார்ச்சில். அதே மாதம் கொரோனாத் தொற்று நாட்டை முடக்கியது. நண்பர்கள் கூடிக் குடிப்பதற்கென்று செய்த பானம், கூட்டமே கூடாத காலத்தில் வந்து சேர்ந்தது.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஒருவர் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடிய அளவை எடைக்கணக்கில் வகுத்ததால், 355 மில்லிலீற்றர் பேணிகள் ஐந்துக்கு மேல் கொண்டுசெல்ல முடியவில்லை. 2022 டிசெம்பரில்தான் அது 48 பேணிகளாக உயர்ந்தது.

அதற்குள் பெரியவர்கள் களைத்துவிட்டனர். 2023இல் ஹெக்ஸோவும் ட்ரஸ்ஸும் டில்ரே நிறுவனத்தின் கைக்குப் போயின. ஸ்மித்ஸ் போல்ஸ் தொழிற்சாலையை அதே ஆண்டில் ஹேர்ஷியே 5.3 கோடி டொலருக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது!

சிறிய நிறுவனம் இதில் எங்கே நிற்கிறது? 2019 மே மாதத்திலிருந்து, புதிதாக உரிமம் கேட்பவர் தொழிற்சாலையை முழுமையாகக் கட்டி முடித்த பின்னரே விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. கட்டிய கட்டடத்துக்கு வட்டி ஓடும், வருமானம் இராது. பெரிய நிறுவனம் மூன்று ஆண்டு நட்டத்தைத் தாங்கும். சிறியவருக்கு மூன்று மாதமே பெரும்பாடு. உரிமம் பெற்ற வேறொரு தொழிற்சாலையில் கூலிக்குச் செய்வித்து, சிறிதாகத் தொடங்கும் வழி அவருக்கு இருந்தது. காத்திருப்பதும் இலவசமல்ல, கடைத்தட்டில் இடம் பிடித்தவர் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார். ஆகையால் அவர் எண்ணிப் பார்க்கவேண்டியவை நான்கு: சட்டம், கடை, வாங்கும் அளவு, தொழில்நுட்பம். கனடாவில் இந்த நான்கும் ஒரே நாளில் திறக்கவில்லை. முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே மூன்றாண்டுக்கு மேல் சென்றது. வர்த்தமானியின் திகதியை மட்டும் பார்த்து வீட்டை அடகுவைக்க எண்ணுபவர், அந்த மூன்றாண்டு வட்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.