கிதாரின் மர விளிம்புப் பட்டி: பொருத்தும் முறை குறித்த ஓர் ஆய்வு

1. விளிம்பின் சிக்கல்

அக்கூஸ்டிக் கிதாரின் மேற்பலகை பெரும்பாலும் 2.5 முதல் 3 மி.மீ. தடிப்புள்ள ஸ்புரூஸ் மரம். அதன் நார்கள் கழுத்திலிருந்து அடிப்பக்கம் வரை நீளவாக்கில் ஓடுகின்றன. ஆகவே உடலின் தலைப்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பலகையின் குறுக்குவெட்டு முகம் வெளியே திறந்திருக்கிறது. ஈரம் வேகமாகப் போய்வரும் வழி அதுதான். ஸ்புரூஸ் மென்மரம் என்பதால் மேசை முனையில் லேசாக இடித்தாலே விளிம்பு நசுங்கிவிடும். இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்தாகவே விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டி, அதில் கடினமரப் பட்டியைப் பதிக்கிறார்கள். அழகு அடுத்தபடியாக வருவது.

இக்கட்டுரை ஒரே ஒரு கருத்தை நிறுவ முயல்கிறது: பட்டி நன்றாக அமைவது பசையால் அல்ல, பசை தொடுவதற்கு முன் நடக்கும் வளைப்பினால்.

2. மரமும் செல்லுலாய்டும்

1833இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறி, பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத்தில் பட்டறை அமைத்தவர் கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் மார்ட்டின். அந்தப் பட்டறையின் உயர்ரகக் கிதார்களில் யானைத் தந்தப் பட்டி இருந்தது. 1918 வாக்கில் அதன் இடத்துக்குத் தந்தம்போல் தோன்றும் செல்லுலாய்டு வந்தது. எளிய ரகங்களில் இருந்த ஈட்டிப் பட்டியும் 1930களில் செல்லுலாய்டுக்கு வழிவிட்டது. செல்லுலாய்டு மலிவு, சூடுபடுத்தினால் உடனே வளையும், உடையாது.

ஆனால் அதை இளக்கமாக வைத்திருக்கும் கற்பூரம் ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. பட்டி நீளவாக்கில் சுருங்குகிறது. சுருங்கிய பட்டி எங்கே விலகும் என்பதை வடிவமே சொல்லிவிடும்: உள்நோக்கி வளைந்த இடுப்புப் பகுதியில் அது குறுக்குவழி தேடி, பள்ளத்தை விட்டு வெளியே இழுபடும். பழைய கிதார்களைப் பழுதுபார்ப்பவர்கள் இதை அடிக்கடி காண்கிறார்கள்.

மரம் அகலத்தில்தான் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கும். நார் ஓடும் திசையில் அதன் மாற்றம் மிகச் சிறிது. அதனால் சரியாக வளைத்த மரப் பட்டிக்கு இடுப்பில் விலகும் காரணமே இல்லை. செல்லுலாய்டு பல ஆண்டு கழித்துத் தரும் தொல்லையை மரம் பட்டறையிலேயே தந்து முடித்துவிடுகிறது. மரத்தை நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

3. எந்த மரம்?

மேப்பிள், கோவா, கருங்காலி, ஈட்டி ஆகியவை வழக்கமானவை. இவற்றுள் ஈட்டி நமக்கு அணுக்கமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம் 1969 முதல் மார்ட்டின் கிதார்களின் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் ஈட்டிக்கு மாற்றாகச் சென்றது. தமிழ்நாட்டில் இதைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகத்திலும் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் உடன்படிக்கை இதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் முழுமைபெற்ற இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. பட்டிக்கு வேண்டியது சுமார் 2 மி.மீ. தடிப்பும் 6 மி.மீ. உயரமும் 80 செ.மீ. நீளமும் மட்டுமே. பக்கப் பலகை அறுக்கும்போது கழிந்த துண்டே போதும். பட்டிக்கென்று புதிதாக ஈட்டி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

4. பள்ளம்

ஸ்பெயின் மரபில் கிராமில் என்ற கோடிடும் கருவியால் கீறி, உளியால் பள்ளம் எடுப்பார்கள். இன்று ரவுட்டர் என்ற மின் வெட்டுக்கருவியே பரவலாக இருக்கிறது. அதில் இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது, பின்பலகை தட்டையானதன்று, லேசாகக் குவிந்தது. ரவுட்டரை அதன்மேல் வைத்தால் கத்தி சாயும். பள்ளத்தின் சுவர் பக்கப் பலகைக்கு இணையாக இராது. கருவியைச் செங்குத்தாகத் தாங்கும் சட்டம் இதற்காகத்தான். இரண்டாவது, ஸ்புரூஸ் நார் பிளந்து எழுவது. உடல் அகன்ற இடத்திலிருந்து குறுகும் திசையில் வெட்டினால் நார் படியும், எதிர்த்திசையில் பிளக்கும். சுற்றின் பாதிப் பகுதிகளில் ரவுட்டரை வழக்கத்துக்கு மாறான திசையில் நகர்த்த வேண்டிவரும். அங்கே கத்தி கருவியைத் தானே முன்னிழுக்கும் என்பதால், மெல்லிய வெட்டுகளாக, இறுகப் பிடித்துச் செய்யவேண்டும். விளிம்பில் முன்கூட்டியே அரக்குக் கரைசல் தடவினால் நார் சற்றுக் கட்டுப்படும்.

பக்கப் பலகையின் தடிப்பும் ஏறத்தாழ 2 மி.மீ.தான். எனவே பள்ளம் வெட்டியபின் அந்த இடத்தில் பக்கப் பலகை மிஞ்சுவதில்லை. மேற்பலகையைத் தாங்குவது உள்ளே விளிம்போரமாக ஒட்டிய லைனிங் என்ற மரக்கீற்று மட்டுமே. லைனிங்கை ஒல்லியாக்கியவர் இங்கே விலை கொடுக்கிறார்.

5. வளைத்தல்

நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின், ஈரமும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் சேரும்போது இளகும். சூடான குழாயின்மேல் பட்டியை அழுத்தும்போது உள்முகம் அமுங்குகிறது, வெளிமுகம் இழுபடுகிறது. சூடான மரம் அமுங்கலை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால் முறிவு எப்போதும் வெளிமுகத்தில் தொடங்கும். அந்த முகத்தோடு மெல்லிய எஃகுத் தகடு ஒன்றைச் சேர்த்துப் பிடித்தால் நார் எழும்பாது.

அலைவரியுள்ள மேப்பிள் இன்னும் கடினம். அதன் நார்கள் அலைந்து ஓடுவதால் வெளிமுகத்தில் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கும். தண்ணீரை அதிகமாக்கினால் பட்டி நெளிந்துவிடும். குறைந்த ஈரம், போதிய சூடு, அவசரமற்ற அழுத்தம் இவையே வழி. குழாய் போதிய அளவு சூடேறியதும் மரம் விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும். அதற்கு முன் ஒரு சிறு அழுத்தமும் கூடாது. வளைத்த பட்டியை அச்சில் கட்டி, முழுவதும் உலரவிட வேண்டும். ஈரத்தோடு எடுத்தால் வளைவு திறந்துகொள்ளும்.

உலர்ந்த பட்டியைப் பள்ளத்தில் வைத்து விரலால் லேசாகத் தொட்டால் அது அடியோடும் சுவரோடும் படியவேண்டும். இடுப்பில் ஒரு மி.மீ. இடைவெளி தெரிந்தாலும் மீண்டும் குழாய்க்கே கொண்டுபோக வேண்டும். ஒட்டும்போது நாடாவை இறுக்கிக் கட்டி அதை மூடிவிடலாம் என்ற எண்ணத்திலிருந்தே பெரும்பாலான இடைவெளிகள் பிறக்கின்றன.

6. ஒட்டுதலும் சுரண்டுதலும்

வச்சிரம், மீன் பசை, மஞ்சள் மரப்பசை எதுவும் பொருந்தும். சிறிது சிறிதாகப் பசையிட்டு நாடா ஒட்டிக்கொண்டே போகவேண்டும். மரபு வழியினர் கயிற்றால் உடல் முழுவதையும் சுற்றிக் கட்டுவர். நாடாவை உரிக்கும்போது ஸ்புரூஸ் நார் கூடவே வராதிருக்க, முதலில் சூட்டுக்காற்றால் இளக்கவேண்டும்.

பட்டி இம்மியளவு துருத்திக்கொண்டிருக்கட்டும். சுரண்டு தகட்டால் சமப்படுத்தலாம். ஈட்டி உடலில் மேப்பிள் பட்டி பதித்திருந்தால், சுரண்டும் முன் மேப்பிளுக்கு அரக்குப் பூச்சு கட்டாயம். ஈட்டித் தூள் அதில் ஊதாக் கறை ஏற்றிவிடும்.

ஒரு கிதாருக்கு நான்கு பட்டிகள் வேண்டும். ஒரே பலகையிலிருந்து ஆறு வெட்டி வையுங்கள்; முறிந்தபின் அதே நிறத்தில் ஐந்தாவதைத் தேடுவது வீண்.