தோட்டத்து மருந்தும் மருந்துச் சீட்டும்

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைப்பது மருந்தின் பக்கத்தில் நிற்கும் ஓர் ஆளை. பரிமேலழகர் அவரை மருந்தைப் பிழைபடாமல் செய்பவர் என்று கொள்வார். உடனிருந்து ஊட்டுபவர் என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும் மருத்துவர் வேறு, மருந்து தருபவர் வேறு என்பது தெளிவு. ஐரோப்பாவிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பிரடெரிக் பேரரசர், மருத்துவர் மருந்து வணிகரோடு கூட்டுச் சேரலாகாது என்று சட்டம் செய்தார்.

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை இந்த அளவுகோலால் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அங்கே இரண்டாமவரும் நான்காமவரும் பெரும்பாலும் ஒருவரே. அவரும் தோட்டத்துச் சம்பளக்காரர். ஆகவே தோட்டத்தில் மருந்து இருந்தது. மருந்துச் சீட்டு இருக்கவில்லை.

சீட்டு என்பது என்ன? மருத்துவர் மருந்து கலப்பவருக்கு எழுதும் கட்டளை. அதன் தலைப்பில் இடும் குறி ‘எடுத்துக்கொள்’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் சுருக்கம். ‘டி.டி.எஸ்.’ என்று எழுதினால் நாளுக்கு மூன்று வேளை. நோயாளிக்கு அம்மொழி விளங்காது. ஆயினும் தாள் அவர் கையில் இருக்கிறது. அதை எந்தக் கடைக்கும் கொண்டுபோகலாம், பிறரிடம் காட்டலாம், விலை கேட்கலாம், பத்திரப்படுத்தலாம். தோட்டத்துத் தமிழருக்கு இரண்டு மூன்று தலைமுறைகள் வரை கிட்டாமற்போனது இந்தச் சிறு உரிமையே.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளிடம் பள்ளிக்கூடத்தையும் கேட்டது. மருத்துவ வசதியையும் கேட்டது. எங்கள் தோட்டப் பள்ளிகளும் தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் ஒரு வகையில் உடன்பிறப்புகள். இரண்டும் பல இடங்களில் ஒரே மாதிரியான சிக்கனத்தில் வளர்ந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் எல்லாம் டிரஸ்ஸர்தான். நோயைக் கண்டறிபவர், மருந்தைக் கலப்பவர், கொடுப்பவர் யாவும் அவரே. இன்னும் ஒன்று: ஒருவர் வேலைக்குப் போகத் தக்கவரா அல்லரா என்பதும் அவர் சொல்லைப் பொறுத்தது. மருந்து கேட்டுப் போனவர் ஒருநாள் ஓய்வு கேட்டும் நின்றார். நோயாளியின் சொல்லை ஐயத்தோடு கேட்கும் வழக்கம் இங்கேதான் தோன்றியது என்பது என் கருத்து. நல்ல டிரஸ்ஸர்கள் பலர் இருந்தார்கள். குறை அந்தப் பதவியின் அமைப்பில் இருந்தது.

கொயினாவின் கதை இதை நன்கு விளக்கும். 1911இல் மலாய்க் கூட்டு மாநிலத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு ஆயிரத்துக்கு 60க்கு மேல் இருந்தது. மலேரியாவே பெருங்காரணம். கிள்ளான் சதுப்பு நிலத்தில் 1901 முதல் வடிகால் வெட்டி டாக்டர் மால்கம் வாட்சன் வெற்றி கண்டார். ஆனால் மேட்டுநிலத் தோட்டங்களில் அம்முறை பலிக்கவில்லை. அங்கே நோய் பரப்பிய அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு, சேற்றுநீரை விட்டு, காடழித்தபின் வெயில் படும் தெளிந்த மலையோடைகளில் முட்டையிட்டது. குன்றும் ஓடையுமான நெகிரி செம்பிலானுக்கு இது எவ்வளவு கேடாக அமைந்திருக்கும் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை. நிலத்தடிக் குழாய் பதிப்பதற்கும் ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதற்கும் பணம் வேண்டும். கொயினா அதைவிட மலிவு.

ஆகவே விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்கும் ஆட்களுக்கு அங்கேயே கொயினா கொடுக்கும் வழக்கம் வந்தது. கசப்புக்கு அஞ்சித் துப்பிவிடுவார்கள் என்று கண்ணெதிரே விழுங்கச் செய்தனர். காய்ச்சல் கண்டவருக்கும் காணாதவருக்கும் ஒன்றே மருந்து. காதில் இரைச்சல் எழும், தலை சுற்றும். அது ஏன் என்று கேட்க அங்கே இடமில்லை. பெயர் கூப்பிட்டதும் கை நீட்டுவது, ஊற்றியதைக் குடிப்பது, வேலைக்காட்டுக்கு நடப்பது! கொயினா எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் நோய் தீர்க்கும் பொருள் ஒன்று ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில் வழங்கப்பட்டபோது, அது தொழிலாளர் மனத்தில் மருந்தாகப் பதியாமல் உத்தரவாகவே பதிந்தது.

இதே கொயினா வேறு வகையிலும் வழங்கப்பட்டிருக்கிறது. கொயினா தரும் சின்கோனா மரம் 1860களில் நீலகிரியில் பயிராயிற்று. நடுவட்டத்தில் அரசின் ஆலை எழுந்தது. வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களில் காலணாப் பொட்டலமாகக் கொயினா விற்றார்கள். அந்த ஏழைக் குடியானவர் காசு கொடுத்து, பொட்டலத்தைத் தம் கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அரசு அதே ஆங்கில அரசுதான். மருந்தும் அதே மருந்துதான்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த பிராடன், பெரிபெரி நோய் தீட்டிய வெள்ளரிசி உண்ணும் சீனரை வாட்டுவதையும் புழுங்கலரிசி உண்ணும் தமிழரைப் பெரும்பாலும் அணுகாததையும் கண்டு 1907இல் நூல் எழுதினார். அவ்வாண்டு முதல் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் இதே மாநிலத்தின் டுரியான் திப்புஸில், சாலை போட வந்த சாவகத் தொழிலாளரிடையே சோதனை நடத்தி அதனை உறுதி செய்தனர். உலக மருத்துவம் நம் சோற்றுப் பானையிலிருந்து பாடம் கற்றது. அந்தப் பானைக்கு உரியவரிடம் யாரேனும் அதை வந்து சொன்னார்களா?

கலவை மருந்துக் காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் சிலர் உண்டு. புட்டியின் பக்கத்தில் ஒட்டிய நீண்ட காகிதத்தில் வேளைக்கு ஒன்றாகப் பல்வெட்டு இருக்கும். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை. எழுத்தறியாதவருக்காக அமைந்த எழுத்து அது; எவ்வளவு அழகான ஏற்பாடு! அளவை அது சொல்லிற்று. உள்ளே இருப்பது யாது என்று சொல்லவில்லை.

1942இல் ஜப்பானியர் சாவகத்தைப் பிடித்தபோது உலகின் கொயினாவில் மிகப் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. ஆயினும் மலாயா மக்களுக்கு மருந்து கிட்டவில்லை. 1943இன் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து பகாவ் காட்டுக்குக் குடியேற்றப்பட்ட யுரேசியரும் சீனருமான கத்தோலிக்கரில் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். பலரைக் கொண்டுபோனது மலேரியா. துப்பி எறிந்த கசப்பின் அருமை அந்த ஆண்டுகளில்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் தெரிந்திருக்கும்.

போருக்குப் பின் 1951இல் மருந்தாளர் பதிவுச் சட்டமும் 1952இல் நச்சுப்பொருள் சட்டமும் வந்தன. பின்னதன்படி, பி பிரிவு மருந்துகளுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். சி பிரிவு மருந்துகளை மருந்தாளரே பதிவேட்டில் குறித்துக்கொண்டு தரலாம். ஆனால் மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து தரும் உரிமையும் நீடித்தது, இன்றும் நீடிக்கிறது. எனவே தனியார் மருத்துவகங்களில் மருந்து அதே கூரையின் கீழ் கிடைக்கிறது. சீட்டைக் கேட்டுத்தான் பெற வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் நீலாய்க்கும் பெயர்ந்த நம் முதியவர்கள் அதைக் கேட்பதில்லை.

கேட்டுப் பெற்றவர்களும் கிளைகள் பல கொண்ட பெரிய மருந்துக் கடைக்குள் நுழைந்தால் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். பெரட்டில் நின்ற அதே நிற்றல்! எதிரே நிற்பவரோ சட்டப்படி படித்துப் பதிவு பெற்ற மருந்தாளர். வள்ளுவரின் நான்காமவர் இப்போதுதான் தனி ஆளாக நம் முன் வந்திருக்கிறார். அவரிடம் கேட்கக் காசு இல்லை. மாத்திரையின் நிறம் போன மாதம் போல் இல்லையே என்று கேட்டால், நிறுவனம்தான் வேறு, சரக்கு ஒன்றே என்று விளக்குவார். கேளாதவர் வீட்டுக்கு வந்து, அரசு மருந்தகத்தில் பெற்ற மெட்ஃபார்மினையும், வேறு வணிகப் பெயரில் கடையில் வாங்கிய அதே மெட்ஃபார்மினையும், இரண்டு மருந்து என்று எண்ணிச் சேர்த்து விழுங்கக்கூடும். இது கற்பனை அச்சமன்று. உறையில் மலாயில் அச்சிட்ட ‘செபெலும் மாக்கான்’ உணவுக்கு முன், ‘செலெபாஸ் மாக்கான்’ உணவுக்குப் பின். தமிழ் மட்டும் படித்த கண்ணுக்கு இரண்டும் ஒரே சாயல்.

2025 மே 1 முதல் தனியார் மருத்துவகங்களும் மருந்துக் கடைகளும் மருந்துகளின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. அந்தப் பட்டியலைப் படிப்பதற்கும் மருந்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு மாணவர்கள் வீட்டிலிருந்து வெறும் மாத்திரை உறைகளைக் கொண்டுவந்தால், அரைமணி நேரத்தில் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்: பெரிய எழுத்தில் இருப்பது வணிகர் இட்ட பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பது மருந்தின் பெயர். பாட்டியின் உறை, தாத்தாவின் உறை என்று பெயர் எழுதி அடுக்கினால், ஒரே சிறிய எழுத்து இரண்டு உறைகளில் வருகிறதா என்று பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு.