பன்றிகள் காட்டிய கணக்கு

“மூளைக்காய்ச்சல் இப்போது யாருக்கும் வருவதில்லையே, குழந்தைக்கு எதற்கு இந்த ஊசி?” என்று நீங்களும் கேட்டிருக்கலாம். இதே கேள்வி ஜப்பானிலும் எழுந்தது. அதற்கு விடை வைத்திருந்தவை பன்றிகள்.

1924-ஆம் ஆண்டு கோடையில் ஜப்பானில் 6,000 பேருக்கு மேல் மூளைக்காய்ச்சல் கண்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 1935-இல் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். நெல்வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது என்பதும், கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் அது பெருகுகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. வளர்ந்த பன்றிக்கு நோய் வெளியே தெரியாது. ஆனால் சில நாட்களுக்கு அதன் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும்.

1954-இல் தடுப்பூசி வந்தது. 1965 முதல் ஆண்டுதோறும் கோடையில், இறைச்சிக்கூடத்துக்கு வரும் பன்றிகளின் ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பன்றி ஏன்? அதன் வயது சுமார் ஆறு மாதம்தான். போன வருடக் கொசு அதைக் கடித்திருக்க வழியில்லை. அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், வைரஸ் இந்த வருடம் அந்த ஊரில் சுற்றுகிறது என்று பொருள். வங்கியில் பழைய பாக்கி இல்லாத புதுப் பேரேடு மாதிரி.

1990-களுக்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் நாடு முழுவதும் நோயாளிகள் பத்துப் பேருக்கும் குறைவு. 2005-இல், ஊசி போட்ட ஒருவருக்குக் கடும் பக்கவிளைவு ஏற்பட்டதாகக் கருதி, ஊசி போடச் சொல்லி வலியுறுத்துவதை அரசு நிறுத்தியது. பல குழந்தைகள் ஊசி இல்லாமலே வளர்ந்தார்கள். பன்றிகளின் ரத்தத்திலோ ஒவ்வொரு கோடையும் எதிர்ப்பொருள் வந்துகொண்டே இருந்தது. நோயாளிகள்தான் குறைந்திருந்தார்கள், வைரஸ் போகவில்லை. 2009-இல் புதிய தடுப்பூசி வந்தது. அடுத்த ஆண்டே அரசு மீண்டும் பரிந்துரைக்கத் தொடங்கியது.

இது தொலைதூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் இந்த நோய் மனிதர்களிடம் முதலில் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூர்ப் பகுதியில்தான். நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறை, அரசு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பேரக்குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.