தாமிரபரணிக் கரையில் பேயும் தூதரும்

1809ஆம் ஆண்டு திருவிதாங்கூர் எல்லையரணைக் கைப்பற்ற நடந்த போரில் போல் என்னும் ஆங்கிலேயக் கேப்டன் மாண்டார். கிறிஸ்தவராகப் பிறந்து கிறிஸ்தவராகவே இறந்த அவருக்கு, இறப்பிற்குப் பின் வாய்த்த நிலையோ அவருடைய வேதத்தில் எங்கும் காணப்படாதது. அப்பகுதி மக்கள் அவரைப் பேய்த்தெய்வமாக்கி, மதுவும் சுருட்டும் படைத்து வழிபட்டனர். 1841 முதல் இடையன்குடியில் பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல் இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வழிபாட்டின் அடிப்படை எளியது. ஆயுள் முடியுமுன் வன்முறையாலோ விபத்தாலோ இறந்தவரின் ஆவி அடங்குவதில்லை. அது பேயாய் அலையும். ஆட்டமும் பலியும் கொடுத்துத் தணித்தால் ஊரைக் காக்கும், தணிக்காவிட்டால் வருத்தும். ஆகவே தென்திருநெல்வேலியில் 'பேய்' என்பது முழுத் தீமையின் பெயரன்று. அஞ்சவும் நேசிக்கவும் தக்க ஓர் உறவின் பெயர் எனலாம். சுடலைமாடனையும் இசக்கியையும் குலதெய்வமாகக் கொண்டோர் இதனை நன்கறிவர்.

புராட்டஸ்டண்டு மறைபணியாளர்கள் இந்நிலத்தில் காலூன்றியபோது எதிர்ப்பட்ட சிக்கல் இதுவே. அவர்களுடைய வேதத்தில் பிசாசு இறைவனின் பகைவன். வீழ்ந்த தூதர்களின் தலைவன். இறந்த மனிதரின் ஆவி அலைந்து திரியும் என்பதற்கு அவர்களுடைய போதனையில் இடமில்லை. அப்படியானால் சுடலைமாடன் யார்? வெறும் கற்பனை என்று சொல்லியிருக்கலாம். சிலை வெறுங்கல்லே என்று சொல்லவும் செய்தனர். ஆனால் அதே நாவால் அவ்வழிபாட்டைப் 'பிசாசு வழிபாடு' என்றும் அழைத்தனர். விளைவு வேடிக்கையானது. மதம் மாறியவர்களின் பழைய தெய்வம் சாகவில்லை. பதவியிறக்கம் பெற்றுச் சாத்தானின் படையில் சேர்ந்தது. பேயை ஒழிக்க வந்த போதனையே பேய்க்கு வேதச் சான்று வழங்கிவிட்டது என்பது நம் கருத்து.

இதனால் புதிய கிறிஸ்தவர்களின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. முன்னோர் அஞ்சிய பேய்க்கோயிலைத் தம் கையால் இடிப்பது சாதாரணச் செயலன்று. துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள் ஒதுங்கி வாழ 1799இல் முதலூர் உருவானது. கால்டுவெல் 1849இல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்னும் நூலோ அம்மக்களை இழிவாகச் சித்திரித்தது. நாடார் சமூகத்தினர் கடுமையாக எதிர்த்தனர். நூலைப் புழக்கத்திலிருந்து விலக்க நேர்ந்தது. அவர்களுடைய பேய் நம்பிக்கையை நுணுகிக் கண்டவர், அவர்களுடைய தன்மானத்தைக் காணத் தவறினார்.

சொற்களும் தம் பங்குக்குக் குழப்பம் விளைத்தன. கத்தோலிக்கர் வானதூதரைச் 'சம்மனசு' என்றனர். தூய ஆவியைப் போர்த்துகீசிய ஒலி மாறாமல் 'இஸ்பிரீத்து சாந்து' என்றே நெடுங்காலம் வழங்கினர். புராட்டஸ்டண்டார் 'தேவதூதன்', 'பரிசுத்த ஆவி' என்னும் சொற்களை நிலைப்படுத்தினர். ஆனால் ஊரார் வழக்கில் ஆவி என்றால் செத்தவரின் ஆவியுமாகும்! 1860இல் அருளப்பன் என்னும் தமிழ்ப் போதகரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதல் இயக்கம் திருநெல்வேலியில் பரவியபோது, மக்கள் நடுங்கினர், வீழ்ந்தனர், தீர்க்கதரிசனம் உரைத்தனர். பரிசுத்த ஆவியின் செயல் என மகிழ்ந்தோரும் உண்டு. ஐயுற்ற மறைபணியாளரும் உண்டு. சாமியாட்டத்தைக் கண்டு வளர்ந்த கண்களுக்கு அக்காட்சி முற்றிலும் புதிதாக இருந்திருக்க முடியாது.

1530களிலேயே பரதவர் கத்தோலிக்கம் தழுவிய கடற்கரையில் கதை வேறு விதமாக அமைந்தது. அங்குப் பேயை மறுக்கவில்லை. அதைவிட வலியவரைக் கொண்டுவந்தனர். உவரியிலும் புளியம்பட்டியிலும் புனித அந்தோணியார் திருத்தலங்களுக்குப் பேய் பிடித்தவர் என்று கருதப்படுவோரைச் சாதி, சமய வேறுபாடின்றி அழைத்து வருகின்றனர். பேய் தன் பெயரையும் இறந்த விதத்தையும் சொல்லிப் புனிதரிடம் தோற்று ஓடுவதாக நம்பிக்கை. திருச்சபையின் போதனைப்படி அங்கு பேசுவது வீழ்ந்த தூதனாயிருக்க வேண்டும். ஆனால் பேசுவதோ தூக்கிட்டு மாண்ட அண்டை வீட்டுப் பெண்.

இதைப் படித்து நாம் புன்னகைப்பதற்கு முன் சற்றே நிற்க வேண்டும். நம் கோட்பாடு தெளிவானது. வானவர் இறைக்கட்டளையை மீறுவதில்லை. இப்லீஸ் ஜின் இனத்தவன் என்பது கஹ்ஃப் அத்தியாயத்தின் கூற்று. ஆகவே 'வீழ்ந்த வானவர்' என்னும் கருத்துக்கே இங்கு இடமில்லை. இறந்தோர்க்கும் இவ்வுலகுக்கும் இடையே பர்ஸக் என்னும் திரை உண்டு. எனினும் நம் ஊர்களிலும் செத்தவர் பேயாகப் பிடிப்பதாகவே பேச்சு. 'ஜின்' என்னும் அரபுச்சொல் பல வேளைகளில் அந்தப் பழைய பேய்க்குப் போர்த்திய புதுச் சால்வையே. பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கும் பல சமயத்தார் தீராத பிணிகளோடு வருகின்றனர். புளியம்பட்டிக்குச் செல்வோரின் துயரமும் இவர்களுடைய துயரமும் ஒன்றுதான்.

அத்துயரம் எங்கே கொண்டு நிறுத்தக்கூடும் என்பதை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்திருக்கிறது.