நினைவுமேடு பிறந்த கதை

சிதறாலில், சமணச் சிற்பங்கள் இருக்கிற மலைக்குக் கீழே என் பெரியம்மா வீடு. அவருக்கு வயது 86. “ஒரு வார்த்தை சொல்லுதேன். சட்டுனு என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லணும்” என்றேன். வார்த்தை: குடை.

“மார்த்தாண்டத்துல போலீசு வெடி வச்ச அண்ணைக்கு, எங்க அப்பா குடைய அங்ஙனயே போட்டுட்டு ஓடி வந்தாரு மக்களே.”

தெற்கெல்லைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1954 ஆகஸ்ட் 11. பெரியம்மாவுக்கு அப்போது 14. போன மாதம் பேரன் வாங்கித் தந்த குடை அவர் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அது நினைவுக்கு வரவில்லை.

இந்த விளையாட்டைத் தொடங்கியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன். 75 சொற்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றாகப் புத்தகத்துக்கு அடியில் பாதி மறைத்து வைத்து, எட்டிப் பார்த்ததும் மனதில் எழுவதைக் குறித்தார். சோதித்தவரும் அவரே, சோதனைக்கு உட்பட்டவரும் அவரே. 1879-இல் முடிவை வெளியிட்டபோது வயது 57. காலம் சொல்ல முடிந்த நினைவுகளில் 39 சதவீதம் சிறுபிராயமும் இளமையும். அண்மை நிகழ்ச்சிகள் வெறும் 15.

அதன்பின் அந்த முறை ஏறக்குறைய நூறாண்டு தூங்கியது. 1974-இல் அமெரிக்காவின் குரோவிட்ஸும் ஷிஃப்மனும் அதைத் தட்டி எழுப்பிக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். பின்னோக்கிப் போகப்போக நினைவுகள் குறைந்தன. வரைபடத்தில் ஒரே சரிவு. இருபது வயதுக்காரர்களிடம் வேறென்ன தெரியும்?

1986-இல் டேவிட் ரூபின், வெட்ஸ்லர், நெப்ஸ் மூவரும் நடுவயதைத் தாண்டியவர்களின் பதில்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சரிந்து வந்த கோடு, பத்து முதல் முப்பது வயது வரையிலான காலத்தில் திமிறி எழுந்து நின்றது. ஆய்வுலகம் அதை ‘ரெமினிசென்ஸ் பம்ப்’ என்கிறது. நாம் நினைவுமேடு என்போம். முதல் வேலை, முதல் பிரிவு என எல்லாம் புதிதாக நடக்கிற வயது, ‘நான் யார்’ என்பது உருவாகிற வயது என்று காரணம் சொல்கிறார்கள்.

வங்கதேசத்து முதியவர்களிடம் மார்ட்டின் கான்வேயும் ஷம்சுல் ஹக்கும் இன்னொரு மேட்டையும் கண்டார்கள்: நடுவயதில் அவர்கள் கடந்த விடுதலைப் போராட்டக் காலம். அந்த ஆய்வு வந்தது 1999-இல். ஊர் கொந்தளித்தால் எந்த வயதிலும் மேடு எழும்.

பெரியம்மாவுக்கு வயதும் போராட்டமும் ஒரே ஆண்டில் கூடின. அதனால்தான் அப்பா போட்டுவிட்டு வந்த குடை இன்னும் மார்த்தாண்டத்தில் கிடக்கிறது.