29 வருடத்து வெண்கலம்

புதுச்சேரி பீச்சில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில் பிரான்சிலிருந்து வந்த கப்பல் எதுவும் இந்தக் கரையைத் தொட்டதில்லை. எப்படித் தொடும்? துறைமுகம் கிடையாதே! கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். கவர்னர் துரையானாலும் சரி, துணி மூட்டையானாலும் சரி, அலையைத் தாண்டிப் போய்வர நம்ம ஊர் சலங்குதான் வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாது, வளைந்து கொடுக்கும். அதைவிட எளிமையானது கட்டுமரம். வெள்ளைக்காரன் அந்தச் சொல்லையே 'காட்டமரான்' என்று எடுத்துக்கொண்டு போனான்.

சரி, அந்தப் படகோட்டிகளில் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா?

துடுப்புப் பிடித்தவர்களை மறப்பது நமக்குப் பழக்கம் போலிருக்கிறது. பழைய காலத்தை விடுங்கள், 1994-க்கு வாருங்கள். ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு. கனோயிங்கில் சி-2 1,000 மீட்டர் போட்டி. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக ஒரு முழங்காலை ஊன்றி, ஒருத்தர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் துடுப்புப் போட வேண்டும். ஆறரை மீட்டர் நீளத்துக்கு ஒடிசலான படகு. கொஞ்சம் சாய்ந்தால் ஆள் தண்ணீரில்! அதில் சிஜி சதானந்தன், ஜானி ரோமல் இருவரும் வெண்கலம் வாங்கினார்கள். கனோயிங்கில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஆசிய மெடல்.

கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நானும் 2023 வரை கேள்விப்பட்டதில்லை.

2023 அக்டோபர் 3. சீனாவின் ஹாங்ஜோ. அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் அதே சி-2 1,000 மீட்டரில் இறங்கினார்கள். சுனில், மணிப்பூரில் லோக்டாக் ஏரிக்கரை மீனவக் குடும்பத்துப் பிள்ளை. உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் படகுகளுக்கு அடுத்தபடியாக, 3 நிமிடம் 53.329 விநாடியில் மூன்றாவதாக வந்தார்கள். மறுபடியும் வெண்கலம்! பத்திரிகைகள் பழைய கணக்கைப் புரட்டியபோதுதான் சிஜி, ஜானி பெயர்கள் வெளியே வந்தன. நடுவில் போனது 29 வருடம். நான் பி.காம். படித்தவன், இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று எனக்கே தெரியவில்லை.

செர்பியாவைப் பாருங்கள். டான்யூப் கரையில் பச்கா பலாங்கா என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மிலன் யானிச் 1984 ஒலிம்பிக்கில் கயாக் வெள்ளி வாங்கினார். அவர் மகள் நதாஷா 2000-ல் யூகோஸ்லாவியாவுக்காகப் போட்டியிட்டு, பிறகு ஹங்கேரிக்குப் போய் 2004, 2008 ஒலிம்பிக்குகளில் மூன்று தங்கம் அள்ளினார். மகன்கள் இரண்டு பேரும் குரோஷியாவுக்காகத் துடுப்புப் போட்டார்கள். நாடு உடைந்தது, கொடி மாறியது. துடுப்பு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை!

நம்மிடம் இல்லாதது அதுதான். தண்ணீருக்குக் குறைவில்லை, துடுப்புப் பிடிக்கத் தெரிந்த கைக்கும் குறைவில்லை. ஒருத்தர் ஜெயித்தால், அவர் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொள்ள அடுத்தவர் கரையில் நிற்கவேண்டும். இங்கே கரை 29 வருடம் காலியாகவே இருந்தது.

இன்னொரு சங்கதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சி-2 1,000 மீட்டரையே எடுத்துவிட்டார்கள், 500 மீட்டர்தான். நாம் இரண்டு முறை மெடல் வாங்கிய தூரம் அங்கே கிடையாது. இனி புது தூரத்துக்குப் புதுசாகப் பழக வேண்டும்.

அதற்குள் அர்ஜுன், சுனில் பெயர்களை மறந்துவிடாமல் இருப்போமா?