‘பால் இல்லை’ என்ற பக்கற்றில் இருந்த பால்: கேசீன் பற்றிச் சில தகவல்கள்

செட்டிகுளம் முகாமில் 2009 இல் பழகிய பிளேன்டீயை நான் இன்னும் விடவில்லை. கண்டியில் மகள் வீட்டுக்குப் போனாலும் அதுதான். மகளுக்கோ தேத்தண்ணி வெள்ளையாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பேரனுக்குப் பசுப்பால் ஒவ்வாமை என்பதால், அந்த வீட்டில் பால்மா வாங்குவதில்லை. “இதில பால் இல்லை அக்கா” என்று ஒரு கடைக்காரர் கொடுத்த தேநீர் வெண்மையாக்கிப் பக்கற்தான் இருந்தது. ஒருநாள் அதைக் கரைத்துப் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டார்கள். சற்று நேரத்தில் உடம்பு தடித்துச் சிவந்து, வாந்தியும் எடுத்தான். ஆஸ்பத்திரியால் வந்த பிறகுதான் பக்கற்றின் பின்பக்கத்தைப் பார்த்தோம். சின்ன எழுத்தில் சோடியம் கேசினேற்று என்று இருந்தது.

கேசீன் என்பது பாலில் உள்ள முக்கிய புரதம். பசுப்பாலின் புரதத்தில் சுமார் 80 வீதம் இதுதான். பால் வெள்ளையாகத் தெரிவதும் பெரும்பாலும் இதன் நுண்ணிய துணிக்கைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். பால் புளித்து அதன் பீ.எச். அளவு 4.6 ஐ நெருங்கும்போது இது திரளும். கண்டி வீதியோரம் சட்டியில் விற்கும் எருமைத்தயிர் இறுகுவது அப்படித்தான். திரண்ட கேசீனைப் பிரித்து, சோடியம் காரத்தோடு சேர்த்தால் தண்ணீரில் கரையும் கேசினேற்று கிடைக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைத்திருக்கும் என்பதால் வெண்மையாக்கி, ஐஸ்கிறீம் போன்றவற்றில் சேர்க்கிறார்கள்.

தேயிலையோடும் இதற்கு உறவு உண்டு. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரை, கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. தேயிலையின் பொலிபீனோல்கள் உமிழ்நீர்ப் புரதங்களோடு ஒட்டுவதால் நாக்கில் துவர்ப்பு ஏற்படுகிறது. பால் விட்டால் கேசீன் அவற்றை முந்திப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பும் அடங்கும்.

சாப்பாட்டுக்கு வெளியேயும் இது பயன்பட்டிருக்கிறது. முதலாம் உலகப்போர்க் கால மரவிமானங்களின் பாகங்களை ஒட்டியது கேசீன் பசை. போமலினில் இறுக்கிச் சட்டைப் பொத்தான்களும் செய்தார்கள். பாலில் பொத்தான் என்றபோது மகள் நம்பவில்லை!

ஒவ்வாமைக்கு வருவோம். பாலைக் கொதிக்க வைத்தாலும் கேசீன் பெரிதாக மாறாது. எங்கள் ஊர்களில் பசுப்பால் ஒத்துவராத பிள்ளைக்கு ஆட்டுப்பால் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் இருக்கும் கேசீன் பசுப்பாலினுடையதை மிகவும் ஒத்தது. ஆகவே அதுவும் ஆபத்துத்தான், தயிரும் அப்படியே. பால் குடித்தால் வயிறு ஊதுவது வேறு விடயம், அது பாற்சீனி செரிக்காததால் வருவது.

ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கும் வெண்மையாக்கி பாலுக்கு ஈடாகாது. அதில் பெரும்பங்கு குளுக்கோஸ் பாகும் தாவர எண்ணெயும்தான், புரதம் மிகக் குறைவு. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா 790 ரூபாவுக்கு ஏறியபோது, மலிவென்று இதைப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்த தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். முன்பக்கத்தில் வெள்ளைக் கோப்பையைப் பெரிதாகப் போடுபவர்கள், இது பாலுக்குப் பதில் அல்ல என்பதையும் அதே அளவு எழுத்தில் தமிழில் போடட்டும்.

ஒவ்வாமைப் பிள்ளை உள்ள வீட்டில் கேசீன், கேசினேற்று, பாற்திண்மம், வேய் ஆகிய நான்கு சொற்களையும் பக்கற்றில் தேடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.